மணி கோத்த லேஸ் நகை: வீட்டாருக்கும் தோழிகளுக்கும் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பொடிக் கண்ணாடி மணிகளை ஊசி நூலால் வலையாகப் பின்னிச் செய்யும் கழுத்தணி, காதணி, கைப்பட்டை பற்றிய பக்கம் இது. சிங்கப்பூரில் வேலை, பிள்ளைகள், சமையல் எல்லாம் முடிந்து இரவில் கொஞ்ச நேரம் கிடைத்தால் உட்கார்ந்து பின்னுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் எல்லாம் அக்கம்பக்கத்தாரும் தோழிகளும் கேட்டவை. பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: எதைச் செய்வது என்று யோசிக்கும் முன், யாருக்குச் செய்கிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். நிறம், நீளம், நூல், கொக்கி எல்லாம் அணியப்போகிறவரைப் பொறுத்தே அமைய வேண்டும்.

சாதாரண மணிமாலைக்கும் மணி லேஸுக்கும் என்ன வித்தியாசம்?

மணிமாலையில் நூல் ஒரே திசையில் போகும், மணிகள் வரிசையாக நிற்கும். லேஸில் நூல் திரும்பி வந்து, முன்வரிசையில் இருக்கும் சில மணிகளுக்குள் மறுபடி நுழையும். அப்படி நுழையும் இடங்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் விழும். அந்த இடைவெளிகள்தான் வடிவத்தையே தருகின்றன.

இதை மூன்று வழிகளில் செய்யலாம். ஊசியால் வலைபோடுவது ஒன்று. மணிகளை முதலிலேயே நூலில் கோத்துக்கொண்டு குரோஷே ஊசியால் பின்னுவது இன்னொன்று. சிறு ஓடத்தில் நூலைச் சுற்றி முடிச்சு முடிச்சாகப் போடும் டாட்டிங் மூன்றாவது. துருக்கியில் தலைத்துணியின் ஓரத்தில் மணி வைத்துப் பின்னும் ‘ஓயா’ என்ற வேலைப்பாடும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. புதிதாகத் தொடங்குபவருக்கு ஊசி வலைதான் சரி என்பது என் கருத்து. தவறினால் ஊசியைக் கழற்றிவிட்டு, நூலைப் பின்னோக்கி உருவிக்கொள்ளலாம். டாட்டிங் முடிச்சை அப்படி எளிதாகப் பிரிக்க முடியாது. இனி வரும் பதில்கள் எல்லாம் ஊசி வலையைப் பற்றியவை.

இது வெளிநாட்டுக் கலைதானே? நமக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, சூடு காட்டி முனையை மழுக்கும் முறை அது. ஆராய்ச்சியாளர்கள் இந்தோ பசிபிக் மணிகள் என்று அழைக்கும் அந்த வகை தென்கிழக்கு ஆசியா முழுதும் கிடைத்திருக்கிறது. இங்கே ஃபோர்ட் கேனிங் அகழ்விலும் 14-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி மணிகள் வெளிவந்தன. இன்று செக் நாட்டிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிற பொடி மணிகளும் குழாய் இழுத்து நறுக்கும் அதே அடிப்படையில் செய்யப்படுபவையே.

லேஸும் நமக்குப் பழக்கமானதுதான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் அங்கே போனது. குமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களில், பாட்டி பின்னிய லேஸ் துண்டு ஒன்று பெட்டிக்குள் இருந்தாலும் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் நம் அண்டை வீட்டாரான பெரனாக்கன் மக்களின் மணி வேலை. ‘கசூட் மானிக்’ என்ற மணிச் செருப்பைப் பார்த்திருப்பீர்கள். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கும் பெரனாக்கன் அரும்பொருளகத்தின் சேகரிப்பில், பினாங்கில் செய்த ஒரு மேசை விரிப்பு இருக்கிறது. அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள். அங்குள்ள மணி வேலைகளை நேரில் பார்த்தால், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். ரோஜா நிறத்துக்கு அருகே பச்சை, நீலத்துக்கு அருகே மஞ்சள் என்று துணிச்சலாகச் சேர்த்திருப்பார்கள். நிறத் தேர்வு பற்றி எந்த வகுப்பிலும் இவ்வளவு கற்றுக்கொள்ள முடியாது.

மணி வாங்கப் போனால் 11/0, 8/0 என்று எண் போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

எண் பெரிதானால் மணி சிறிது. 6/0 சுமார் 4 மில்லிமீட்டர், 8/0 சுமார் 3, 11/0 சுமார் 2, 15/0 சுமார் ஒன்றரை. லேஸ் நகைக்கு 11/0 நடுத்தரமானது. கண்ணுக்கும் தெரியும், நகையும் நளினமாக வரும். கை பழகும்வரை 8/0-இல் ஒரு சிறு துண்டு பின்னிப் பார்ப்பதும் நல்லதுதான்.

உருண்டையான 11/0 மணி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 இருக்கும். நூலில் கோத்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 18. இந்த இரண்டு எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டால், எவ்வளவு வாங்குவது என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம்.

மியூக்கி, தோஹோ என்ற மணி நிறுவனங்கள் இரண்டும் ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்தவை. மணிகள் ஒரே சீராக இருக்கும், துளையும் பெரிது. லேஸில் ஒரே மணிக்குள் நூல் இரண்டு மூன்று முறை போவதால் துளையின் அளவு மிக முக்கியம். செக் மணிகள் கொஞ்சம் தட்டையாகவும் உயரம் முன்பின்னாகவும் இருக்கும். அவற்றில் பின்னும் வலைக்கு ஒரு பழைய காலத்து அழகு வரும், எனக்கு அது பிடிக்கும். ஆனால் முதல் நகைக்கு ஜப்பான் மணியே வாங்குங்கள். பெயரில்லாத மலிவுப் பொட்டலங்களில் துளை அடைபட்ட மணியும் கோணல் மணியும் அதிகம். ஊசி சிக்கி, மணி உடைந்து, நூல் அறுந்து, இந்தக் கலையே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

உருளை வடிவ டெலிக்கா மணிகளைப் பலரும் விரும்புகிறார்கள். அவை நெருக்கமாக அடுக்கும் பின்னலுக்கு ஏற்றவை. வலையில் வளைவு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கும். உருண்டை மணியே போதும்.

சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்?

அராப் ஸ்திரீட் சுற்றுவட்டாரத்திலும் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலும் மணி, நூல், கொக்கி விற்கும் கடைகள் உண்டு. பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட்டில் அடிப்படைச் சாமான்கள் கிடைக்கும். தேக்காவில் சேலைக் கரை, ஜரிகை, பொட்டு மணி வாங்கலாம். அணியப்போகிறவரின் சேலைக்கு நிறம் பொருத்துவதற்கு அங்கேதான் வசதி. கரைத் துண்டைக் கையோடு கொண்டுபோய், கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கடை விளக்கில் அரக்கும் மெரூனும் ஒன்றாகவே தெரியும்.

வேண்டிய எண்ணில் வேண்டிய நிறம் உள்ளூரில் அகப்படாவிட்டால் இணையத்தில் தருவிக்கலாம். 2023 ஜனவரி 1 முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பார்சல்களுக்கும் பதிவு பெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள், சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அந்த வரி 9 விழுக்காடு. தபால் செலவோடு சேர்த்துப் பார்த்தால், இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து வாங்குவது நல்லது.

நூலும் ஊசியும்?

தையல் நூல் வேண்டவே வேண்டாம். மணித் துளையின் விளிம்பு அதை அறுத்துவிடும். நைலான் மணிநூல் மென்மையானது, பல நிறங்களில் வரும், வலை நன்றாகத் தொங்கும். ஆனால் நாளடைவில் கொஞ்சம் இழுபடும். ஃபயர்லைன் என்பது மீன்பிடிக்கும் நூல் வகை. இழுபடாது, சுலபத்தில் அறாது. 11/0 மணிக்கு 6 பவுண்டு எடை தாங்கும் வகையும், 15/0 மணிக்கு 4 பவுண்டு தாங்கும் வகையும் வாங்குங்கள். சாம்பல் நிற ஃபயர்லைன் முதலில் கையில் கரி பூசும், ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் சரி. வெளிர்நிற மணிக்கு அதன் வெள்ளை வகைதான் நல்லது, இல்லாவிட்டால் மணி அழுக்காகத் தெரியும்.

கழுத்தில் தழைந்து கிடக்க வேண்டிய நகைக்கு நைலான். தினமும் போடும் கைப்பட்டைக்கும், பிள்ளை பிடித்து இழுக்கிற அம்மாவின் கழுத்தணிக்கும் ஃபயர்லைன்.

மணி ஊசியில் 10, 12 எண்கள் போதும். இங்கும் எண் ஏறினால் ஊசி மெலியும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி நூலைச் சுரண்டும், தூக்கிப் போட்டுவிடுங்கள். நைலான் நூலுக்குத் தேன்மெழுகு தடவினால் பிசிறு எழாது.

முதல் நகையாக எதைச் செய்யலாம்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கழுத்தை ஒட்டிக் கிடக்கும் மூன்று வரிசை வலை அட்டிகை. முறை ஒன்றுதான், திரும்பத் திரும்ப வரும், பார்வைக்கும் நிறைவாக இருக்கும். அரக்கு நிறத்தில் 11/0 மணி 10 கிராம், தங்க நிறத்தில் 5 கிராம், 6 பவுண்டு ஃபயர்லைன், ஒரு கொக்கி, இரண்டு வளையம். அரக்கும் தங்கமும் உதாரணத்துக்குத்தான்.

ஒரு எவர்சில்வர் தட்டில் கம்பளித் துணியோ பழைய டவலோ விரித்து, மணிகளை அதன்மேல் கொட்டிக்கொள்ளுங்கள். வெறும் தட்டில் மணி துள்ளி ஓடும். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்துக்கு நூல் வெட்டி ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள், ஒற்றை நூல்தான். வேறு நிற மணி ஒன்றை முதலில் கோத்து, அதற்குள் இன்னொரு முறை ஊசியை விட்டு, நூல் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். மற்ற மணிகள் நழுவாமல் தடுக்கும் மணி இது, பிறகு கழற்றிவிடலாம்.

முதல் வரிசை: ஒரு தங்கம், மூன்று அரக்கு; ஒரு தங்கம், மூன்று அரக்கு. இப்படியே கோத்துக்கொண்டு போங்கள். 14 அங்குலத்துக்கு இந்த நான்கு மணித் தொகுதி ஏறக்குறைய 63 முறை வரும். கடைசியில் ஒரு தங்க மணியோடு முடியுங்கள். கழுத்தில் வைத்து அளந்து பார்த்து, தேவைக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வரிசை: கடைசித் தங்க மணியிலிருந்து நூல் வெளியே வந்திருக்கிறது. மூன்று அரக்கு, ஒரு தங்கம், மூன்று அரக்கு என்று ஏழு மணி கோத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையின் மூன்று அரக்கை விட்டுவிட்டு, அடுத்த தங்க மணிக்குள் வந்த வழியே திரும்பும் திசையில் ஊசியை விடுங்கள். ஒரு தொங்கல் விழும். மறுபடி ஏழு மணி, அடுத்த தங்கம். இப்படியே மறுமுனைவரை.

மூன்றாம் வரிசைக்குத் திரும்பும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். முனையில் உள்ள தங்க மணியிலிருந்து நூல் வெளிவந்ததும், கடைசியாகப் போட்ட தொங்கலின் மூன்று அரக்கு வழியாகக் கீழே இறங்கி, அதன் நடுவில் இருக்கும் தங்க மணியையும் தாண்டி வெளியே வாருங்கள். முனை மணியின் மேல் நூல் கொஞ்சம் தெரியும், கொக்கி மாட்டும்போது மறைந்துவிடும். இப்போது நான்கு அரக்கு, ஒரு தங்கம், நான்கு அரக்கு கோத்து, அடுத்த தொங்கலின் நடுத் தங்கத்துக்குள் விடுங்கள். இந்த வரிசையில் ஒரு தொங்கலுக்கு ஒன்பது மணி. கழுத்திலிருந்து கீழே இறங்க இறங்கச் சுற்றளவு கூடுகிறது, அதற்கேற்ப மணியும் கூட வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டாமல் பின்னினால் அட்டிகை கழுத்துப்பட்டிபோல நிமிர்ந்து நிற்கும். கைப்பட்டைக்கு இந்தக் கவலை இல்லை, எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை.

மொத்தம் 1,250 மணிக்குப் பக்கத்தில் செலவாகும், 12 கிராமுக்குள் அடங்கிவிடும். இன்னொரு வரிசை வேண்டுமானால் பதினொரு மணித் தொங்கல் போடுங்கள். கீழ்வரிசையின் நடு மணிக்குப் பதிலாகச் சின்ன முத்து வைத்தால் கல்யாணத்துக்கே போட்டுப் போகலாம்.

பின்னினால் விறைப்பாக நிற்கிறது. சில இடத்தில் தளர்ந்தும் இருக்கிறது.

நூலை ஒவ்வொரு தொங்கலுக்கும் இறுக்கி இழுக்கிறீர்கள், அப்புறம் எங்கோ கை தளர்கிறது. வலைக்கு இறுக்கம் வேண்டாம். மணிகளுக்கு நடுவே நூல் தெரியாத அளவுக்கு இழுத்து, அங்கேயே நிறுத்துங்கள். ஐந்தாறு தொங்கலுக்கு ஒரு முறை வேலையைக் கையில் தூக்கி, தானாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். நன்றாகத் தழைந்தால் சரி. மடங்காமல் நின்றால் அந்த இடத்திலேயே பிரித்துவிடுங்கள், வரிசை முடிந்த பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

இதற்கு மனநிலையும் ஒரு காரணம் என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் பின்னிய பகுதி இறுகியும், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னிய பகுதி தளர்ந்தும் இருக்கும். ஒரே நகையை ஒரே மாதிரி நேரத்தில், ஒரே மாதிரி உட்கார்ந்து பின்னுவது நல்லது.

பாதியில் நூல் தீர்ந்தால்?

மேலே சொன்ன அட்டிகைக்கே ஒரு முறை தீரும். ஒரு சாண் மிஞ்சும்போதே நிறுத்துங்கள். புது நூலை இரண்டு மூன்று தொங்கல் தள்ளி, பழைய மணிகளுக்குள்ளேயே நுழைத்து, மணிகளுக்கு இடையே ஓடும் நூலில் இரண்டு மூன்று இடத்தில் அரை முடிச்சுப் போட்டுக்கொண்டு, வேலை நின்ற மணிக்கு வந்து சேருங்கள். பழைய நூலையும் அதேபோல் பின்னோக்கி ஓட்டி முடியுங்கள். தங்க மணிக்குள் முடிச்சு விழக்கூடாது, அடுத்த வரிசைக்கு ஊசி போகாது. முடிச்சின்மேல் பசை வைக்காதீர்கள். அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும், பின்னால் பழுது பார்க்கவும் முடியாது.

பரிசாகக் கொடுப்பதால் அளவு கேட்க முடியவில்லை. என்ன செய்வது?

ஒரு முனையில் இரண்டு அங்குலத்துக்குச் சங்கிலித் துண்டு வைத்துவிடுங்கள். எந்த வளையத்தில் வேண்டுமானாலும் கொக்கியை மாட்டிக்கொள்வார்கள். ஒட்டி அணியும் அட்டிகை பெரும்பாலும் 14 முதல் 16 அங்குலம். கைப்பட்டைக்கு, அவர் வழக்கமாகப் போடும் கடிகாரத்தின் வாரில் தேய்ந்த துளை எது என்று பார்த்தால் மணிக்கட்டின் அளவு தெரிந்துவிடும். அதோடு அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளவைவிட, எதைப் போடுவார் என்று கவனிப்பது இன்னும் பயனுள்ளது. சித்தி காலர் வைத்த பிளவுஸ் போடுபவர் என்றால் அட்டிகை வீண், காதணி செய்யுங்கள். தாதியாக வேலை பார்க்கும் தோழிக்குக் கைப்பட்டை பயன்படாது. மூட்டு வலி உள்ள பாட்டிக்குச் சின்னக் கொக்கி வேதனை. தலைவழியே போடுகிற நீள மாலையாகவோ, காந்தக் கொக்கி வைத்தோ செய்யலாம். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்குக் காந்தக் கொக்கி வேண்டாம்.

நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் நிறம் நிற்குமா?

மணியின் நிறம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணாடியிலேயே நிறம் கலந்த மணி எதற்கும் அசையாது. உள்ளே வெள்ளி பூசிய மணி காலப்போக்கில் கறுக்கும். மேலே சாயம் ஏற்றிய மணிகள், முக்கியமாகப் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும், வெயிலில் வெளிறும், வியர்வையில் துணியிலும் ஒட்டும். உலோகப் பூச்சு மணிகளில் சாதாரண வகை சீக்கிரம் தேயும். மியூக்கியின் டுராகோட், தோஹோவின் பெர்மாஃபினிஷ் என்ற பூச்சு வகைகள் நன்றாகத் தாங்குகின்றன. தங்க நிறத்துக்கு இவற்றில் ஒன்றையே வாங்குங்கள்.

சந்தேகமாக இருந்தால் சில மணிகளை நூலில் கோத்து, பாதியைக் காகிதத்தால் மூடி, ஜன்னல் ஓரத்தில் சில வாரம் தொங்கவிடுங்கள். வேறு சில மணிகளை நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த மணி நகைக்கு ஆகாது.

காதணி போட்டால் அக்காவுக்குக் காது அரிக்கிறது.

பெரும்பாலும் கொக்கியில் இருக்கும் நிக்கல்தான் காரணம். மலிவான கொக்கிகளில் பூச்சுக்கு அடியில் அது இருக்கும், வியர்வை பட்டதும் வெளியே வரும். டைட்டேனியம் அல்லது நியோபியம் கொக்கி மாற்றிக் கொடுங்கள். அரிப்பு முன்பே இருப்பது தெரிந்தால் வேறு எதிலும் பரிசோதனை வேண்டாம். அப்படியும் புண் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மாமியார் தங்கத்தைத் தவிர வேறு எதையும் போடமாட்டார். பாசி கொடுத்தால் தப்பாக நினைப்பாரா?

இந்தக் கேள்வி கேட்கும் மருமகள்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பாசிமணி என்றாலே திருவிழாக் கடையில் வாங்குவது என்று நினைக்கும் தலைமுறை அது. தங்கத்துக்குப் பதிலாகக் கொடுப்பதுபோல் தோன்றினால் மனம் வருந்தத்தான் செய்வார்கள். தங்கத்தோடு சேர்ந்து நிற்கும்படி செய்துவிட்டால் கதையே வேறு. அவர் தினமும் போடும் தோட்டைக் கவனித்து, அதைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் மணி வளையம் செய்யலாம். சங்கிலியில் கோத்துக்கொள்ளும் ஒரு சிறு லேஸ் பதக்கம் செய்யலாம். கோவிலுக்குக் கட்டும் பட்டுச் சேலையின் கரை நிறத்தில் ஒரு அட்டிகை செய்து, அந்தச் சேலையோடு சேர்த்துப் போடும்படி சொல்லிக் கொடுங்கள். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் அவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த நிறங்கள், அவற்றை அப்படியே மணியில் பார்க்கும்போது முகம் மலரும்.

கொடுக்கும்போது ‘சும்மா செய்து பார்த்தேன் அத்தை’ என்று குறைத்துச் சொல்லாதீர்கள். ‘உங்களுக்காகப் பின்னினேன்’ என்று சொல்லுங்கள்.

கறுப்பு மணியில் செய்து கொடுக்கலாமா?

தோழிகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கறுப்பு மணியும் தங்க மணியும் கலந்த மாலை என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கருகமணி திருமண அடையாளம், தெலுங்கு, கன்னடக் குடும்பங்களிலும் தாலியோடு கறுப்பு மணி வரும். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்தச் சேர்க்கையில் கொடுத்தால் வீட்டுப் பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

எட்டு ஒன்பது வயதுக்கு மேல் 6/0 மணியில் நன்றாகச் செய்வார்கள். ஜூலை 21 இன நல்லிணக்க தினத்துக்குப் பள்ளிக்குப் போட்டுப்போக ஒரு கைப்பட்டை பின்னச் சொன்னால் ஆர்வமாக உட்காருவார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மணித் தட்டை மேசைக்கு மேலேயே வையுங்கள். தரையில் சிந்தினால், வேக்யூம் கிளீனர் குழாயின் வாயில் பழைய நைலான் காலுறையைக் கட்டி இழுத்தால் மணிகள் காலுறையில் நிற்கும். குழந்தை வாயில் வைத்துவிடும் வயதில் இருந்தால், காலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்த பிறகே இறக்கிவிடுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் கண் ஒத்துழைக்குமா?

ஒத்துழைக்கும். படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பகல்போன்ற வெள்ளை வெளிச்சம் தரும் மேசை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், இருண்ட நிற மணியைத் தவிருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து எதிர்ப் புளோக்கைப் பாருங்கள், கழுத்துக்கும் நல்லது.

தீபாவளிக்குக் கொடுக்க எப்போது தொடங்க வேண்டும்?

ஒரே ஒரு அட்டிகைக்கு, தினமும் ஒரு மணி நேரம் கிடைத்தால் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு என்றால் ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். எல்லோருக்கும் அட்டிகை என்று ஏற்றுக்கொள்ளாமல், இருவருக்கு அட்டிகையும் மற்றவர்களுக்குக் காதணியும் என்று பிரித்துக்கொண்டால் கடைசி வாரம் முறுக்குச் சுடும் வேலையோடு மோதாது.

கொடுத்த நகை அறுந்துவிட்டால்?

வாங்கிச் சரிசெய்து கொடுங்கள். கொடுக்கும்போதே ‘அறுந்தால் ஒரு மணியும் விடாமல் கவரில் போட்டுத் தாருங்கள்’ என்று சொல்லிவிட்டால், பெட்டியில் மூடி வைக்காமல் தைரியமாக அணிவார்கள். நகையின் இரு முனையில் கொக்கி மாட்டும் இடம்தான் முதலில் அறும். அங்கே நூலை மூன்று நான்கு முறை ஓட்டியிருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் பெரும்பாலும் கூர்மையான விளிம்புள்ள குழல் மணியோ படிகக் கல்லோ காரணமாக இருக்கும். அவற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரு உருண்டை மணி வைத்துப் பின்னுவது நல்ல பழக்கம்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

இங்கே ஆண்டு முழுதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு, தட்டையாக வையுங்கள். ஆணியில் மாட்டினால் வலை நீண்டுவிடும். குளியலறையில் வைக்கவே வேண்டாம். வாசனைத் திரவியம், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் அணியச் சொல்லுங்கள். அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு அலசி, துண்டின்மேல் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம்.

நூல் லேஸுக்குச் சர்க்கரைத் தண்ணீரோ கஞ்சியோ போட்டு விறைப்பாக்கும் முறை சில பழைய புத்தகங்களில் இருக்கும். நம் வீடுகளில் எறும்பும் கரப்பானும் வந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

விற்கலாமா?

விற்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சிறிய அளவில் இப்படிச் செய்ய, விதிகளுக்கு உட்பட்டு, தனி அனுமதி தேவையில்லை. உங்கள் முழுப் பெயரிலேயே செய்தால் வணிகப் பதிவும் தேவையில்லை. வேலை அட்டை, சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர்கள் முதலில் மனிதவள அமைச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், முதல் சில நகைகளையாவது உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கே கொடுங்கள். கொக்கி கழன்றதும், கழுத்தில் உறுத்தியதும், எந்த நிறம் வெளிறியது என்பதும் அவர்கள் சொன்னால்தான் தெரியும். அடுத்தவருடைய வடிவத்தைப் பார்த்துப் பின்னியிருந்தால், விற்க அவரிடம் அனுமதி கேளுங்கள்.

மீந்த மணிகளை என்ன செய்வது?

ஒவ்வொரு நகை முடிந்ததும், அதே பொட்டலத்திலிருந்து ஒரு கிராம் மணியும் ஒரு முழம் நூலும் சின்னப் பையில் போட்டு, யாருக்குச் செய்தது, மணியின் எண், நிறக் குறியீடு எல்லாம் எழுதி ஒட்டி வையுங்கள். அதே நிறம் மறுமுறை வாங்கினால் சாயல் மாறி வரும். பழுது பார்க்க இந்தப் பை வேண்டும். மற்றதை எல்லாம் ஒரு டப்பாவில் கலந்து கொட்டி வைத்தால், பல நிற ஒற்றை வரிசை மாலைக்கு ஆகும்.